பயிற்சியின் நடுவே ‘அன்ஃபிட்’: ராணுவ ரெக்ரூட்டும் குடும்பமும் செய்ய வேண்டியவை

வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலோ, பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் குழு) மையத்திலோ, நாசிக் ரோடு பீரங்கிப் படை மையத்திலோ பயிற்சியில் இருக்கும் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு ஃபோன் செய்து, “மெடிக்கல் போர்டு போடுறாங்க, அனுப்பிடுவாங்க போல” என்கிறான். உள்ளங்கை அதிகமாக வியர்க்கிறது, காதுச் சவ்வில் சின்ன ஓட்டை, ஓடினால் கணுக்கால் வலிக்கிறது, இவ்வளவுதான் காரணம். ஊரில் இதெல்லாம் நோய்க் கணக்கிலேயே வராது. கிணற்றிலும் கம்மாய்க்கரையிலும் பல வருடம் உழைத்து ஆளான பிள்ளையை இதற்காக அனுப்புவார்களா என்று குடும்பம் திகைத்து நிற்கும். அனுப்புவார்கள், ஆண்டுதோறும் நடப்பதுதான். அந்தச் சில வாரங்களில் நோய் சின்னதா பெரிதா என்று வாதாடுவதால் எதுவும் மாறாது. எந்தத் தாளில் என்ன எழுதப்படுகிறது, அதற்கு நகல் கையில் இருக்கிறதா என்பதுதான் பின்னால் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் முடிவு செய்யும். இந்தக் கட்டுரை அந்தத் தாள்களைப் பற்றியது. நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீரர்களுக்கும், அக்னிபத் திட்டம் வந்த 2022-க்கு முன் வழக்கமான முறையில் சேர்ந்து பயிற்சியிலேயே திரும்பியவர்களுக்கும் பொருந்தும். விதி வேறுபடும் இடங்களைத் தனியே குறித்திருக்கிறோம்.

சின்னக் குறைக்கே ஏன் அனுப்புகிறார்கள்

ராணுவம் ஒரு சிப்பாயின் உடல்நிலையை ‘ஷேப்’ என்ற ஐந்து எழுத்தில் அளக்கிறது: எஸ் மனநலம், ஹெச் செவித்திறன், ஏ கைகால்கள், பி பொது உடல்திறன், இ கண்பார்வை. ஐந்திலும் 1 இருந்தால் ‘ஷேப்-1’. பயிற்சி முடித்துப் பல வருடம் பணிபுரிந்த சிப்பாய்க்கு முட்டி கெட்டுப்போனால், குறைந்த மருத்துவப் பிரிவில் வைத்து ஸ்டோரிலோ அலுவலகத்திலோ வேலை கொடுக்க முடியும். ரெக்ரூட்டுக்கு அந்த இடம் கிடையாது. அவர் ஷேப்-1 ஆக இருந்தால்தான் பயிற்சியை முடித்துக் கசம் பரேடில் உறுதிமொழி எடுக்க முடியும். தற்காலிகக் குறை என்றால் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் நேரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகும் ஷேப்-1-க்கு வரவில்லை என்றால் வெளியே அனுப்பும் மருத்துவக் குழுதான் (போர்டு).

ஆள்சேர்ப்பு மருத்துவப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். தட்டைப் பாதம், முட்டி தட்டுவது, காதில் அழுக்கு, ஹைட்ரோசீல், வேரிகோசீல், பற்களுக்குத் தரும் புள்ளிகள் 14-க்குக் குறைவது, நிறப்பார்வைக் கோளாறு, பச்சை குத்திய இடம் போன்றவை அங்கே சிக்கிவிடும். ஓடினால் மட்டும் வலிக்கிற பாதமும், நீலகிரிக் குளிரில் மட்டும் வருகிற மூச்சிரைப்பும், எப்போதாவது ஒருமுறை வருகிற வலிப்பும் சிக்காது. சேர்க்கும்போது ‘ஃபிட்’ என்று எழுதப்பட்ட அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள். பின்னால் உங்கள் பக்கம் பேசும் முதல் சாட்சி அதுதான்.

வலி வந்த அன்றே சிக் ரிப்போர்ட்

காலையில் சிக் ரிப்போர்ட் கொடுத்து எம்.ஐ. ரூமுக்கு (மையத்தின் மருத்துவ அறை) போவதை ரெக்ரூட்டுகள் தள்ளிப்போடுகிறார்கள். உஸ்தாத் (பயிற்சியாளர்) திட்டுவார், கூட இருப்பவர்கள் ‘பஹானா’ (சாக்கு) என்பார்கள், பயிற்சி நாள் போனால் அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் பொய்யில்லை. ஆனாலும் தள்ளிப்போட்டால் இரண்டு விதத்தில் நஷ்டம். காயம் முற்றிவிடும். அதோடு, வலி பயிற்சியில்தான் தொடங்கியது என்பதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் எதுவும் இல்லாமல் போய்விடும்.

கெண்டைக்காலின் முன் எலும்பில் வரும் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ இதற்குச் சரியான உதாரணம். பூட்ஸோடு கெட்டித்தரையில் தினமும் ஓடிப் பழக்கமில்லாத காலில், பயிற்சியின் முதல் சில வாரங்களில் இது வரும். தசைவலி பரவலாக இருக்கும். எலும்புக் கீறலோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலிக்கும், அந்த ஒற்றைக் காலில் குதித்தால் ‘சுரீர்’ என்று ஏறும், ராத்திரி படுத்தாலும் விடாது. எம்.ஐ. ரூமில் எக்ஸ்ரே எடுத்து “ஒன்றுமில்லை” என்பார்கள். அதில் வியப்பில்லை, முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கிப் புதுப் படிவு வந்த பிறகுதான் படத்தில் காட்டும். வலி அதே புள்ளியில் நீடித்தால், இரண்டு வாரம் கழித்து மறு எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்கச் சொல்லி எம்.எச். (ராணுவ மருத்துவமனை) எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். சரியான ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும் காயம் இது. கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓடுபவர்களுக்குத்தான் முழு முறிவாகிறது. தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் ஒருநாள்கூட ஓடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் கீறல் விட்டிருக்கலாம். அது விலகினால் அறுவைசிகிச்சை வரை போகும்.

எம்.ஐ. ரூமில் மருத்துவர் எழுதுவதைப் பாருங்கள். ‘அட்டென்ட் பி’ என்றால் லேசான வேலை, ‘அட்டென்ட் சி’ என்றால் பாரக்கில் ஓய்வு. எத்தனை நாள் என்பதையும் எழுதியிருப்பார். இந்தச் சீட்டுகளை கம்பெனி ஆபீஸில் கொடுக்கும் முன் ஃபோட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள். ஃபோன் அனுமதி இல்லாத மையம் என்றால் சின்ன நோட்டில் தேதி, போன இடம், மருத்துவர் சொன்னது, கொடுத்த மாத்திரை ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அந்தத் தேதிகளைச் சொன்னால் அங்கேயும் ஒருவர் குறித்து வைக்கட்டும்.

விழுந்து அடிபட்டது, தடைப் பாதையில் முட்டி திரும்பியது, குத்துச்சண்டைப் போட்டியில் காதில் அடி விழுந்தது போன்றவை நோய்க் கணக்கில் வராமல் காயக் கணக்கில் வர வேண்டும். காயத்துக்கு ‘இன்ஜுரி ரிப்போர்ட்’ உண்டு, படிவ எண் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006. எங்கே, எப்போது, எந்தப் பயிற்சியில் அடிபட்டது, அப்போது பணியில் இருந்தாரா என்பதை யூனிட் அதில் உறுதி செய்கிறது. தேவையானால் விசாரணைக் குழுவும் அமையும். பல ரெக்ரூட்டுகளுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. யாரும் கேட்காவிட்டால் போடாமலே விடுபடவும் கூடும். அடிபட்ட வாரத்திலேயே சீனியர் ஜே.சி.ஓ.விடமோ (சுபேதார் நிலை அதிகாரி) கம்பெனி கமாண்டர் இன்டர்வியூவிலோ, இன்ஜுரி ரிப்போர்ட் போடப்பட்டதா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உடன் பார்த்த இரண்டு பேரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் இருவரும் வேறு வேறு எல்லையில் இருப்பார்கள்.

சிக் லீவில் வீட்டுக்கு வந்தால்

எம்.எச். மருத்துவர் சில வாரம் சிக் லீவ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். இந்த லீவில்தான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அனுமதியின்றி 30 நாள் வராமலிருந்தால் ராணுவச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்யும், தப்பியோடியவர் என்று கருதப்படுவார். அத்தோடு மருத்துவக் காரணமும் அதில் கிடைக்கக்கூடிய உரிமையும் அடிபட்டுப் போகும். கால் வலித்தாலும், வண்டி பிடித்தாவது லீவ் முடியும் நாளில் மையத்திலோ எம்.எச்.சிலோ ஆஜராகுங்கள். பயணமே முடியாத நிலை என்றால் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் போய்க் காட்டி, அங்கிருந்து மையத்துக்குத் தகவல் போகச் செய்யுங்கள்.

லீவில் இருக்கும்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குவதில் தவறில்லை. ஸ்கேன் படங்களின் அசலைப் பத்திரமாக வைத்து, நகலைத் திரும்பும்போது கொண்டுபோங்கள். யாருக்கும் சொல்லாமல் தனியாரில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு போகாதீர்கள். புதுத் தழும்பைப் பார்த்ததும் மறைத்ததாக எழுதிவிடுவார்கள். ‘போர்டைச் சரி பண்ணித் தருகிறேன்’ என்று பணம் கேட்டு வருபவர்கள் இந்த வாரங்களில்தான் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மூன்று மருத்துவ அதிகாரிகள் கையெழுத்திட்டு, அதற்கு மேலேயும் ஒருவர் ஒப்புதல் தர வேண்டிய போர்டை எந்த ஏஜென்டாலும் சரி பண்ண முடியாது.

போர்டுக்கு முன்னால் கேட்கக்கூடியவை

குறை சரியாகிக்கொண்டிருந்தால், ஜூனியர் பேட்ச்சுக்குத் தள்ளுங்கள், முடித்துக்காட்டுகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். ரெலிகேட் ஆவதை அவமானமாக நினைத்து அதைக் கேட்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேட்ச் பின்னால் போய் யூனிஃபார்மோடு பாஸ் அவுட் ஆவதற்கும், வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. வேறு நிபுணரின் கருத்தும் கேட்கலாம். சிறிய எம்.எச்.சில் இல்லாத வசதி கமாண்ட் ஹாஸ்பிட்டலில் இருக்கும். தமிழில் எழுதிக் கொடுத்தால், இந்தி தெரிந்த தோழர் ஒருவர் மாற்றி எழுதித் தருவார். கம்பெனி கமாண்டர் வழியாகக் கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு பக்க மனு போதும். அதிலும் முறையீடு தீராவிட்டால் ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி முறைப்படிப் புகார் செய்யும் உரிமை ரெக்ரூட்டுக்கும் உண்டு.

ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்: ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்ற மனு. போர்டு முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகும், இதை எழுதினால் அடுத்த வாரமே வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது அக்கறையோடு சொல்லக்கூடும். களைத்துப் போன பிள்ளைக்கு அது நல்ல வழியாகவே தோன்றும். எழுதிக் கொடுத்துவிட்டால் ஆவணத்தில் நோயே இருக்காது, விருப்பம் மட்டும்தான் இருக்கும். அதன் பின் எந்த மேல்முறையீட்டிலும் பிடிக்கக் கிளை கிடையாது.

ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16: இந்தப் படிவத்தில்தான் எல்லாம்

வெளியே அனுப்பும் மருத்துவக் குழுவின் நடவடிக்கைகள் பதிவாகும் படிவம் இது. முதலில் ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’, அதாவது ரெக்ரூட்டே சொல்லிக் கையெழுத்திடும் பகுதி. கேள்விகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். நோய் எப்போது, எங்கே பணியில் இருந்தபோது தொடங்கியது? படையில் சேரும் முன் இந்த நோய் இருந்ததா, இருந்தால் விவரம் என்ன? பணியில் நடந்த எந்தச் சம்பவம் இதை உண்டாக்கியது அல்லது அதிகமாக்கியது என்று கருதுகிறீர்கள்? காயம் என்றால் எப்படி நடந்தது, இன்ஜுரி ரிப்போர்ட்டோ விசாரணைக் குழுவோ உண்டா?

கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், எழுதுபவர் இந்தியில் கேட்பார். பிள்ளை பதற்றத்தில், “சின்ன வயசுலயும் எப்பவாவது கை வியர்க்கும் சார்” என்று வெள்ளந்தியாகச் சொல்வான். தாளில் அது ‘சிறுவயதிலிருந்தே உள்ளது’ என்று ஒரே வரியாக ஏறிவிடும். எல்லோருக்கும் கோடையில் கை வியர்ப்பதும், துப்பாக்கிப் பிடி வழுக்கும் அளவுக்கு வியர்ப்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகிறது. மேல்முறையீட்டில் முதலில் எடுத்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான்.

உண்மையை மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. பள்ளிப் பருவத்தில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்திருந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வது துல்லியமாக இருக்க வேண்டும். “சேரும் முன் இதற்காக மருத்துவரிடம் போனதில்லை, மாத்திரை எடுத்ததில்லை. பயிற்சியின் ஆறாவது வாரத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் வலது பாதத்தில் முதல் முறையாக வலி வந்தது, அடுத்த நாள் எம்.ஐ. ரூம் போனேன்.” இந்த அமைப்பில், நடந்ததை நடந்தபடி, தேதியோடு. உங்கள் நோட்டு இங்கேதான் உதவும். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த யாரையாவது, நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவரையாவது, கூப்பிடச் சொல்லுங்கள். காலியாக விட்ட கட்டங்கள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, நிபுணரின் கருத்து. அதன் பின் போர்டின் முடிவு. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டே இரண்டு. முதலாவது, நோய் ராணுவப் பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இரண்டும் இல்லையா என்பது. ‘இரண்டும் இல்லை’ என்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘நானா’ (NANA) என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டாவது, குறையின் சதவீதம். ‘பிறவிக் குறை’, ‘உடல்வாகு சார்ந்தது’ என்று ஒரே சொல்லில் காரணம் எழுதி நானா போட்டிருந்தால், அதற்கான விளக்கம் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். தட்டைப் பாதம் பிறவியிலேயே இருந்திருக்கலாம். வலியில்லாமல் இருந்த பாதம் பயிற்சி ஓட்டத்தில் வலியெடுத்தது என்றால், ‘பணியால் அதிகமானது’ என்று வாதிட அங்கே இடமிருக்கிறது.

கையில் இல்லாமல் மையத்தின் கேட்டைத் தாண்டக் கூடாத தாள்கள்

டிஸ்சார்ஜ் சான்றிதழை வாங்கியதும் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். இனிஷியல் விரிவில் நடக்கும் குழப்பம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தீராத தலைவலி. அடுத்து, அனுப்பிய காரணம் எழுதிய வரி. ராணுவ விதிகள் 1954-இன் 13-ஆம் விதியில் ஒவ்வொரு காரணத்துக்கும் தனிப் பதிவு இருக்கிறது. உறுதிமொழி எடுக்காத ரெக்ரூட்டை ‘திறமையான சிப்பாயாக வர வாய்ப்பில்லை’ என்று அனுப்பவும் அதில் வழி உண்டு. உண்மையான காரணம் மருத்துவம் என்று இருக்க, போர்டே கூட்டாமல் இந்த வரியைப் போட்டிருந்தால் உங்கள் மேல்முறையீட்டின் முதல் பத்தி அதுதான். மருத்துவக் காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்ய இன்வேலிடிங் போர்டு (வெளியே அனுப்பும் மருத்துவக் குழு) அவசியம் என்பதை, உறுதிமொழி எடுத்துப் பணியில் இருந்த ஒருவரின் வழக்கில் (ராஜ்பால் சிங், 2008) உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. நன்னடத்தைக் கட்டத்தில் ‘மதிப்பிடப்படவில்லை’ என்று இருந்தால் பதற வேண்டாம். பணிக்காலம் குறைவு என்பதுதான் அதன் பொருள்.

பிறகு எம்.எச். டிஸ்சார்ஜ் ஸம்மரி, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 நகல், இன்ஜுரி ரிப்போர்ட் நகல். சேரும்போது ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கொடுத்த அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். சம்பளக் கணக்கு, கடைசி மாதச் சம்பளம், குழுக் காப்பீட்டு நிதிக்காகப் பிடித்த தொகை ஆகியவற்றுக்கும் கணக்கு கேளுங்கள்.

போர்டு நகல் தரவில்லை என்றால் ஆர்.டி.ஐ. இருக்கிறது. உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் (பணிப்பதிவு) அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் படை) செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவோ மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளம் வழியாகவோ கட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘என் மருத்துவ ஆவணங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சேர்ப்பின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், பயிற்சிக்கால சிக் ரிப்போர்ட் பதிவுகள், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 முழுவதும், போர்டுக்கு மேலதிகாரி தந்த ஒப்புதல், டிஸ்சார்ஜ் உத்தரவு, இப்படி ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் கேளுங்கள். மருத்துவமனைப் பதிவுகளைக் காலம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்பதால் ஊர் திரும்பிய முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

பணம்: யாருக்கு என்ன

அக்னிவீரருக்கு ஓய்வூதியம் எந்த வகையிலும் இல்லை என்பது திட்டத்தின் விதி. பணியால் வந்த அல்லது பணியால் அதிகமான குறைக்கு ஒருமுறைத் தொகை உண்டு: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் ரூபாய். போர்டு 20 முதல் 49 வரை எந்தச் சதவீதம் போட்டாலும் அது 50 என்றே கணக்கிடப்படும். அதனால் 19-க்கும் 20-க்கும் நடுவே உள்ள ஒரு புள்ளி 15 லட்சம் ரூபாய் பெறும். ‘நானா’ என்றால் இந்தத் தொகை கிடையாது. சதவீதக் கட்டத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது இங்கே விளங்கும். சேவா நிதியையும் விட்டுவிடாதீர்கள். முதல் வருடச் சம்பளமான 30,000-இல் மாதம் 9,000 பிடித்து, அரசும் அதே அளவு போடுகிறது. வெளியேறும் நாள்வரை சேர்ந்த இருப்பு எவ்வளவு, அதில் உங்களுக்குத் தரப்படுவது எவ்வளவு, எந்த விதியின் கீழ் என்று ரெக்கார்ட்ஸிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அக்னிபத்துக்கு முன் சேர்ந்த ரெக்ரூட்டுகளின் நிலை வேறு. பயிற்சிக் காலமும் பணிக்காலம்தான், குறைபாட்டு ஓய்வூதியம் கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது. இங்கே மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அடிக்கல். தரம்வீர் சிங் வழக்கில் (2013), சேரும்போது பதிவு செய்யப்படாத நோய் பணியில் வந்ததாகவே கருதப்பட வேண்டும், மறுப்பதாக இருந்தால் காரணத்தை போர்டு எழுத வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துடையது என்று நீதிமன்றம் சொன்னது. ராஜ்பீர் சிங் வழக்கு (2015) அதையே மீண்டும் உறுதி செய்தது. ரெக்ரூட்டுகளுக்கு மிக நெருக்கமானது சுக்விந்தர் சிங் வழக்கு (2014). 2001-இல் சேர்ந்து சிறிது காலத்திலேயே செவித்திறன் குறைவுக்காக அனுப்பப்பட்டவர் அவர். போர்டு போட்ட சதவீதம் 20-க்கும் கீழே. ஒருவரைப் படையைவிட்டே அனுப்பும் அளவுக்குக் குறை இருக்கிறது என்றால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. சின்னக் குறை என்று சதவீதத்தைக் குறைத்துவிட்டு, பெரிய குறை என்று ஆளையும் அனுப்புகிற முரண்பாட்டைக் கேள்வி கேட்ட தீர்ப்பு அது.

எல்லா நோய்க்கும் இது தானாகப் பொருந்திவிடாது. மனநோய் தொடர்பான நர்சிங் யாதவ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் போர்டின் முடிவில் தலையிடவில்லை. மனநலக் காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்கள் பொதுத் தீர்ப்பை மட்டும் நம்பாமல், பயிற்சியில் என்ன நடந்தது என்ற விவரங்களைச் சேகரிக்க வேண்டும். 21-9-2023 முதல் வெளியேறியவர்களுக்குப் புதிய உரிமை விதிகள் பொருந்தும். பழைய விதிகளைவிட அவை இறுக்கமானவை. பழைய தீர்ப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டிய மனு அங்கே எடுபடாது.

குறைபாட்டு ஓய்வூதியம் கிடைத்த ரெக்ரூட் முன்னாள் படைவீரராகக் கருதப்படுவார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவருக்கு அந்தத் தகுதி இல்லை. வேலைவாய்ப்பு விண்ணப்பங்களில் அந்தக் கட்டத்தை டிக் செய்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள். சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ. போன்ற அதிகாரிப் பயிற்சி மையங்களின் கேடட்டுகளுக்கு விதிகளே தனி. அவர்கள் நிலையை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 2025-இல் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

மேல்முறையீடும் தீர்ப்பாயமும்

குறைபாட்டு ஓய்வூதியம் மறுக்கப்பட்ட கடிதம் வந்தால், அன்று முதல் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீடு. அக்னிவீரருக்கு வந்த கடிதத்தில் எந்த அதிகாரிக்கு எத்தனை நாளில் எழுத வேண்டும் என்று இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எதுவும் இல்லை என்றால் ரெக்கார்ட்ஸுக்கு ஒரு முறையீடு அனுப்பி, ஸ்பீடு போஸ்ட் ரசீதை வையுங்கள். அந்த ரசீதின் தேதிதான் அடுத்த கட்டத்தின் கெடுவை நிர்ணயிக்கும்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சேர்ந்த தேதி, அன்று ஃபிட் என்று பதிவானது. முதல் அறிகுறி தெரிந்த தேதி, அன்று என்ன பயிற்சி. எம்.ஐ. ரூம், எம்.எச். போன தேதிகள். போர்டு எழுதிய காரணம், அதில் விடுபட்டது. என்ன கேட்கிறீர்கள். நாட்டுக்காகச் சேர்ந்தேன், குடும்பம் ஏழை என்பதெல்லாம் உண்மைதான், வலிக்கவும் செய்யும். ஆனால் அந்தக் குழுவுக்கு முடிவெடுக்க உதவுவது தேதிகள்தான்.

அங்கும் தீரவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் கெடு. முறையீட்டுக்கு ஆறு மாதம் ஆகியும் பதிலே வரவில்லை என்றால் அதன் பிறகு ஆறு மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்கவும் வழியுண்டு. ஜபல்பூரில் பயிற்சி எடுத்திருந்தாலும் வெளியே வந்தவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனு போடலாம். தமிழ்நாட்டுக்காரருக்கு அது சென்னை அமர்வு. வழக்கறிஞரிடம் போகும்போது ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ஆகத்தான் இருக்கும். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், மத்திய ஆயுதக் காவல் படைகள், ரயில்வே, இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவத் தகுதி அளவு தனி. ராணுவத்தில் அன்ஃபிட் ஆன உள்ளங்கை வியர்வை ரயில்வே டெக்னீசியன் வேலைக்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் குறைக்காக அனுப்பப்பட்டீர்களோ அதை அறிவிப்பின் மருத்துவப் பகுதியில் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். அறுவைசிகிச்சையில் சரியாகக்கூடியது என்றால் செய்துகொண்டு, முழுதாக ஆற விட்டு, டிஸ்சார்ஜ் ஸம்மரியோடு போங்கள்.

விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டீர்களா, விடுவிக்கப்பட்டீர்களா’ என்ற கட்டம் இருக்கும். மறைக்காதீர்கள். நிறையப் பேர் இங்கே ‘இல்லை’ என்று போட்டுவிட்டு, வேலை கிடைத்த பிறகு காவல் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது வேலை போவதற்குக் காரணம் நோயாக இருக்காது, மறைத்ததாக இருக்கும். ‘மருத்துவக் காரணத்தால் பயிற்சிக் காலத்தில் விடுவிக்கப்பட்டேன்’ என்று எழுதி, டிஸ்சார்ஜ் சான்றிதழ் நகலை இணையுங்கள்.